பெண்கள் மலசலகூடத்தின் சாவி

12ஆந் திகதி, செவ்வாய்

காலையில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக அந்தச் சின்ன ஸ்டேஷனில் இறங்கியதும் நிலைய அதிபர் ஒரு தாளோடு வந்தார். நிலையத்தின் வரலாறும் வசதிகளும் மூன்று மொழியிலும் பலகையில் வரவேண்டுமாம்.

"மிஸ், தமிழை நீங்களே எழுதித் தாங்கோ. இங்க ஒருத்தருக்கும் தெரியாது" என்று சிங்களத்தில் கேட்டார்.

அவருக்கு என்னை ஞாபகமில்லை. போன மாதம் சலரோகத்தால் சிறுநீரை அடக்க முடியாத அம்மாவுக்காக இவரிடம்தான் மலசலகூடச் சாவி கேட்டேன். மேசையில் கிடந்த சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இல்லையென்றார். அம்மா நனைந்த சேலையோடு வெள்ளவத்தை வரை ரயிலில் நின்றபடியே வந்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை பிள்ளை" என்றார் அம்மா.

எழுதிக் கொடுத்தேன். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், குடிநீர்க் குழாய் ஒன்று, இருக்க வாங்கு நான்கு. எல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டுக் கடைசி வரியில், "பெண்கள் மலசலகூடம் உண்டு. சாவி நிலைய அதிபரின் சட்டைப்பையில் இருக்கும்" என்று முடித்தேன்.

பின்னேரம் திரும்பி வந்தபோது பெயின்டர் தமிழ் தெரியாமலே எழுத்தெழுத்தாகப் பார்த்து வரைந்து முடித்திருந்தான். நிலைய அதிபர் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். எனக்கு இரண்டு தரம் நன்றி சொன்னார்.

அம்மா, நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. இனிப் பலகை சொல்லும்.