கொத்துச் சாவி

என் வீட்டுக்காரிக்கு,

வண்டி சரியாகிவிட்டது. கவலைப்படுவாயென்று அதை முதலில் எழுதுகிறேன். உன் மூட்டுவலி தேவலையா?

ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுவிடும். மெக்கானிக் ஓட்டினால் மட்டும் குதிரை மாதிரி போகும். சரக்கு நேரத்துக்குப் போகாததால் இரண்டு கடைக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். நேற்று மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து நானே ஓட்டினேன். ஒரு பள்ளத்தில் இறங்கியதும் இன்ஜின் அணைந்தது. சாவியோடு ஆடிய கொத்தை அவர் பிடித்துப் பார்த்தார்.

"என்கிட்ட வண்டிச் சாவிய மட்டும்தானே கழட்டிக் குடுப்பீங்க? மத்ததெல்லாம் என்னண்ணே?"

கொத்தை நான் யாரை நம்பிக் கொடுத்திருக்கிறேன்!

"ஊர்ல என் வீட்டுச் சாவிப்பா. கேட்டு, வாசக்கதவு, பீரோ."

"இங்க ஒரு பூட்டும் திறக்காதே!" என்று சிரித்தார்.

"திறக்காது."

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. கொத்தின் கனம் இழுத்து இழுத்து, சாவி போடுகிற இடத்துக்கு உள்ளே இருக்கும் சுவிட்ச் தேய்ந்துவிட்டதாம்.

சட்டைப்பையில் அடங்குகிற மாதிரி சின்னத் துணிப்பை ஒன்று தைத்து அனுப்பு. உன் பழைய புடவைத் துணியே போதும். சரக்கு ஏற்ற ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

சுவிட்சுக்கு மட்டும் காசு, கூலி வேண்டாம் என்றார் மெக்கானிக். இனி வண்டிச் சாவி தனியாகத்தான் தொங்க வேண்டும் என்று பேச்சு. ஒத்துக்கொண்டேன்.