சுல்தானுக்கு ஒரு டப்பா பாசி

ஜூலை 4, 2007 – புதன்

காலையில் மூன்று பூனைக்குத் தடுப்பூசி, ஒரு கிளிக்கு நகம் வெட்டல், ஒரு ராங் நம்பர். துபாயில் இந்த மிருக வைத்தியக் கிளினிக்கின் ரிசப்ஷன் மேசையில் உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது. எம்.எஸ்சி விலங்கியல் படித்தவள் "ஒன் மினிட் ப்ளீஸ்" சொல்வதில் கரை கண்டுவிட்டேன்.

மதியம் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் என்று ஒரு பெண் வந்தாள். கீழக்கரைக் குடும்பம், துபாயில் பிறந்தவள், காலேஜ் கடைசி வருடம். கையில் ஒரு தலையணை உறை, அதற்குள் அவள் வளர்க்கும் பாம்பு. பெயர் சுல்தான். மூன்றரை அடி ஆப்பிரிக்க மலைப்பாம்பு, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாதுவான ரகம். தோல் கிழிந்த போஸ்டர் மாதிரி துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. இடது கண்மேல் வெள்ளையாக ஒரு மூடி. போன முறை தோல் உரித்தபோது கண்ணின் மேல்தோல் மட்டும் கழன்று வரவில்லை. ஆறு வாரமாக எலியைக் குறிவைக்க முடியாமல் பட்டினி கிடக்கிறது.

டாக்டர் சித்தீக் ஃபோர்செப்ஸ் இடுக்கியை எடுத்தார். ஹைதராபாத்காரர், நல்ல மனிதர், ஆனால் அவருக்கு உலகமே பூனையும் வேட்டைப் பருந்தான ஃபால்கனும்தான். அந்த மூடியைப் பிடித்து இழுக்கப் போகிறார் என்று தெரிந்ததும் கவுண்டரை விட்டு எழுந்து உள்ளேயே போய்விட்டேன்.

"டாக்டர், இழுக்காதீங்க. அடியில இருக்கிற கண்ணும் சேர்ந்து வந்துடும்."

என் வாயா அது? ஃபோர்செப்ஸ் திரும்பத் தட்டுக்குப் போனது.

ஜூலை 5 – வியாழன்

டாக்டர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இரண்டு வருடத்தில் அவர் அறையில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

சொன்னேன். வியாதி கண்ணில் இல்லை, காற்றில் இருக்கிறது. வெளியே ஜூலை மாதப் புழுக்கத்தில் வாசலில் நின்றால் மூக்குக் கண்ணாடி வியர்க்கிறது. உள்ளே இருபத்துநாலு மணி நேரமும் ஏசி ஈரத்தை உறிஞ்சி எடுக்கிறது. நமக்கே உதடு வெடிக்கிறது, பாம்புக்குத் தோல் காய்ந்து ஒட்டாமல் என்ன செய்யும். ஈரப்பாசி போட்டு ஒரு டப்பா வைத்தால் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அடுத்த தோல் உரியும்போது பழைய மூடியும் கூடவே வரும்.

அவர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "முப்பத்தோராம் தேதி வரைக்கும் டைம். உரிச்சுதுன்னா இனிமே நீ உள்ளே என்கூட வேலை பாரு, வெளியே வேற ஆள் போட்டுக்கிறேன். உரிக்கலைன்னா அன்னிக்கு ஃபோர்செப்ஸ். அதுக்கப்புறம் நீ கவுண்டரைத் தாண்டக் கூடாது. கலாஸ், அவ்வளவுதான்."

ஒப்புக்கொண்டேன். பயமாக இருக்கிறது. பயத்தைவிட ஆசை அதிகமாக இருக்கிறது.

ஜூலை 7 – சனி

வேலை முடிந்து இவரோடு சத்வாவில் செடிக் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போனேன். முதல் கடை மலையாளி பச்சைப் பசேலென்று ஒரு பாக்கெட்டை நீட்டினார். ஈரமான டிஷ்யூவில் தேய்த்துப் பார்த்தேன். பச்சைச் சாயம் ஒட்டியது. பூ அலங்காரத்துக்கு ஆகும், பாம்புக்கு ஆகாது. நாலாவது கடையில் கிடைத்தது, ஆர்க்கிட் செடிக்குப் போடும் காய்ந்த பாசி. வெளிறிய பழுப்பு நிறம், நீள நீள நார். ஊறினால் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும்.

கல்யாணமான நாளிலிருந்து மணிமாறன் என் ஷாப்பிங்குக்கு இவ்வளவு நேரம் பொறுமையாக நின்றதில்லை. காரில் மட்டும் சொன்னார்: "ஊரான் பாம்புக்கு மெத்தை வாங்குற. என் தலையணைக்கு உறை மாத்திப் பத்து நாளாச்சு."

ஜூலை 8 – ஞாயிறு

நாலு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா. பக்கவாட்டில் சுட்ட கத்தியால் ஒரு வாசல் வெட்டினேன். கிளினிக்கில் துப்புரவு பார்க்கும் சோலைமுத்து அண்ணன் உப்புத்தாள் கொண்டுவந்து ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தார். பரமக்குடிப் பக்கத்துக்காரர். பாம்பு என்று வாயால் சொல்ல மாட்டார்.

"நல்லவரு வயித்துல கீறிறக் கூடாதும்மா."

பைப்புத் தண்ணீர் வேண்டாம் என்றேன். மொட்டை மாடி டேங்க் வெயிலில் கொதித்து, ஹீட்டரை அணைத்து அதில் நிற்கும் தண்ணீரைத்தான் பச்சைத் தண்ணீர் என்று பிடிக்கிற ஊர் இது. பாட்டில் தண்ணீரில் பாசியை ஊறவைத்தேன். பிழியும்போதுதான் கவனம் வேண்டும். கையில் சொட்டினால் அதிகம், பாம்பின் வயிற்றில் புண் வந்துவிடும். கையை நனைக்க வேண்டும், சொட்டக் கூடாது.

கிளினிக்கில் சுல்தானைத் தங்க வைத்திருக்கும் கண்ணாடித் தொட்டிக்குள் ஈரப்பதம் 24 சதவீதம். டப்பாவுக்குள் அரை மணியில் 71. மீட்டரைச் சோலைமுத்து அண்ணனிடமும் டாக்டரிடமும் காட்டினேன். கூரியர் கொண்டுவந்த பையனிடம்கூடக் காட்டியிருப்பேன், அவன் நிற்கவில்லை.

ஜூலை 9 – திங்கள்

சுல்தான் டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூலை 10 – செவ்வாய்

இல்லை.

ஜூலை 11 – புதன்

காலையில் நான் வாசலுக்கு வரும்போதே சோலைமுத்து அண்ணன் உள்ளிருந்து குரல் கொடுத்தார். "உள்ள போயிட்டாரும்மா. தலையை மட்டும் வாசல்ல வச்சுக்கிட்டு ராசா மாதிரி பாக்குறாரு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். பாசிமேல் முகவாயை வைத்துக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தது. ஃபிர்தௌஸுக்குப் போன் செய்தேன். "அக்கா, கண்ணு போச்சுன்னா யார்ட்டயாவது குடுத்துரச் சொல்றாக வாப்பா," என்றாள். போகாது என்றேன். அத்தனை உறுதியாகச் சொல்ல எனக்கு யார் தைரியம் கொடுத்தது தெரியவில்லை.

ஜூலை 16 – திங்கள்

பாசியில் லேசான பூஞ்சை வாடை. பழையதைக் கொட்டிவிட்டு, புதிதாக ஊறவைக்கக் காய்ந்த பாசியை வீட்டுக்கே கொண்டுவந்தேன். நாளைக் காலையில் மாற்ற வேண்டும்.

ஜூலை 18 – புதன்

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

டாக்டர் சுல்தானைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளை வயிறு முழுக்க மஞ்சள். கழுத்தடியிலும் மஞ்சள். அவர் முகம் மாறியது. "கல்லீரல் போச்சு. உடனே ரத்தம் எடுக்கணும்," என்று ஊசியைத் தேடினார்.

கல்லீரலும் இல்லை, ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை இரவு பாசி ஊறவைத்த தண்ணீரில் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள் போட்டேன். யோசித்துப் போடவில்லை. கறி கழுவினால் மஞ்சள், கால் வெட்டினால் மஞ்சள், தொண்டை கட்டினால் மஞ்சள். பூஞ்சை என்றதும் கை தானாக அஞ்சறைப் பெட்டிக்குப் போய்விட்டது. பாசி நேற்று முழுக்க அதை ஈரத்தோடு பிடித்து வைத்துப் பாம்பின்மேல் தடவிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஊசி குத்துவதற்குள் சொல்லிவிட்டேன். டாக்டர் ஊசியை மூடி வைத்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இது கிச்சன் இல்ல. இனி நீ அதைத் தொடாதே. சோலைமுத்து பாத்துக்கட்டும்."

அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து ஒரு பூனைக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுத்தேன்.

ஜூலை 19 – வியாழன்

சோலைமுத்து அண்ணன் கைகளை இரண்டு முறை கழுவிக்கொண்டு புதுப் பாசி பிழிந்தார். வெறும் தண்ணீர். நான் கவுண்டரில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர் கதவருகே நின்று எனக்குக் காட்டினார். "சொட்டலம்மா. பாருங்க, கை மட்டும்தான் நனைஞ்சிருக்கு."

இந்த மனிதருக்கு ஒரு நல்ல சட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 22 – ஞாயிறு

இரண்டு கண்ணும் பால் நீலமாக மங்கியிருக்கிறதாம். அண்ணன் பதறிப்போய் வந்து சொன்னார், இன்னொரு கண்ணும் போய்விட்டதென்று. எனக்கோ குதிக்க வேண்டும் போல இருந்தது. அது தோல் கழற்றப் போவதற்கு அடையாளம். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே நீர் கோத்திருக்கிறது.

டாக்டரும் பார்த்தார். தொட்டியின் மேல் மூடியில் பாதியை ஈரத்துணியால் மூடிவிட்டுப் போனார். அது நான் முதல் நாள் சொன்ன யோசனை.

ஜூலை 27 – வெள்ளி

லீவு. வீடு இருக்கும் அல் குசைஸில் வெயில் கண்ணைக் குத்துகிறது. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை. இவர் சாப்பிட்டுவிட்டு எதுவும் சொல்லவில்லை, அதற்காகவே இவரைப் பிடிக்கிறது.

ஜூலை 29 – ஞாயிறு

நீலம் தெளிந்துவிட்டது. இடது கண் மட்டும் இன்னும் வெள்ளை. கணக்குப்படி இன்றோ நாளையோ உரிக்க வேண்டும்.

ஜூலை 30 – திங்கள்

உரிக்கவில்லை. நாளைக் காலை பதினொன்றுக்கு ஃபோர்செப்ஸ் என்று ஃபிர்தௌஸுக்கு நானேதான் போன் செய்து சொல்ல வேண்டியிருந்தது. அவள் அழுதாள். மஞ்சளால்தான் தள்ளிப் போகிறதோ? தோலைக் கெடுத்துவிட்டேனோ? எந்தப் புத்தகத்தில் போய்ப் பார்ப்பது இதை. மஞ்சள் பூசிய பாம்பைப் பற்றி எந்த மடையன் எழுதியிருப்பான்.

ஜூலை 31 – செவ்வாய்

மெதுவாக எழுத வேண்டும்.

பதினொன்றுக்கு ஃபிர்தௌஸ் வந்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து சுல்தான் டப்பாவை விட்டு வெளியே வரவே இல்லை என்றார் சோலைமுத்து அண்ணன். தட்டில் ஃபோர்செப்ஸ் தயார். நான் கவுண்டரில். டாக்டர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அதை என் மேசைமேல் வைத்தார்.

"மூடியை நீயே திற."

திறந்தேன். பாசிக்கு நடுவில் சுல்தான், இப்போதுதான் எண்ணெய் தேய்த்துக் குளித்தது போலக் கறுப்பும் பொன்னுமாக. வயிறு வெள்ளை வெளேரென்று. பக்கத்தில் பாசியோடு சுருட்டிக் கிடந்தது தோல். மஞ்சள் தோல். என் மஞ்சள் முழுக்க அதோடு கழன்று போயிருந்தது.

எடுத்துத் தண்ணீரில் விரித்தேன். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஒரே துண்டு, ஒரு கிழிசல் இல்லை. தலைப் பக்கத்தை லென்ஸில் பார்த்தேன். வலது கண்ணுக்கு ஒரு மூடி. இடது கண்ணுக்கு இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு. பழையதும் புதியதும்.

டாக்டர் லென்ஸை வாங்கிப் பார்த்தார். பிறகு பாம்பைப் பார்த்தார். இரண்டு கண்ணும் கறுப்பாக, பளபளவென்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ரெண்டு," என்றார். ஃபிர்தௌஸ் என்னைக் கட்டிக்கொண்டாள். சோலைமுத்து அண்ணன் டப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். நான் ஜெயித்துவிட்டேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஜெயித்துவிட்டேன், ஜெயித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4 – சனி

எலி வைத்தோம். இடது பக்கத்தில், வேண்டுமென்றே. கண் இமைப்பதற்குள் பிடித்துவிட்டது. பத்து வாரப் பட்டினி முடிந்தது. ஃபிர்தௌஸின் வாப்பா இனிப்புப் பெட்டியோடு வந்து, பாம்பைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடியே எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 12 – புதன்

ஷார்ஜாவிலிருந்து ஒருவர் உடும்பு போன்ற ஒரு பச்சை இகுவானாவைக் கொண்டுவந்தார். விரல்களில் பழைய தோல் மோதிரம் மோதிரமாக இறுகி, நுனி கறுக்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் ஒரு முறை பார்த்தார். விளக்கை என் பக்கம் திருப்பிவிட்டு, இகுவானாவைத் தான் பிடித்துக்கொண்டார். நான் ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன்.

"எத்தனை நாள் ஆகும்?" என்று வந்தவர் டாக்டரைக் கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"மூணு வாரம்," என்றேன்.

டாக்டர் ஒரு கையால் இகுவானாவைப் பிடித்துக்கொண்டே, இன்னொரு கையால் கார்டில் மூன்று வாரம் என்று எழுதினார்.