முகட்டில் அடிக்கும் காற்றும் பள்ளத்தில் நிற்கும் காற்றுமானியும்

அனுப்புநர்:
திருமதி கமலாம்பிகை தபோதரன்,
முகட்டுச் சிற்றுண்டிச்சாலைக் குத்தகைதாரர்,
கால்டன்ஸ்டைன் பனிச்சறுக்குத் திடல்,
சௌவர்லாண்ட், ஜேர்மனி.

பெறுநர்:
மேற்பார்வை அதிகாரி அவர்கள்,
கம்பிவடப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பிரிவு,
மாவட்ட நிர்வாக அலுவலகம்.

பொருள்: வேறிடத்திலிருந்து கழற்றிவந்து பொருத்தப்பட்ட கதிரை லிஃப்டை, அதன் காற்றுமானி முகட்டுக்கு மாற்றப்படும் வரை, வரும் சனிக்கிழமை திறக்க விடாமல் தடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனு தமிழில் இருப்பதற்கு முதலில் பொறுத்தருள வேண்டும். முப்பது வருடமாக ஜேர்மன் மொழியில் சூப்பும் ரொட்டியும் விற்கிறேன். விலை சொல்லவும் சண்டை பிடிக்கவும் அந்த மொழி எனக்குப் போதும். பயத்தை ஒழுங்காகச் சொல்ல இன்னும் தமிழ்தான் வருகிறது. டோர்ட்மண்டில் இருக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் திரு. அனுஜன் செய்த ஜேர்மன் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். என் மகள் இதைவிட நன்றாக மொழிபெயர்ப்பாள். அவளுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். காரணம் கீழே வரும்.

1. கால்டன்ஸ்டைனில் சனிக்கிழமை திறக்கப்படவுள்ள லிஃப்ட் புதியது அல்ல. தெற்கே ரோட்டன்பாஹ் என்ற பள்ளத்தாக்கில் எண்பதுகளில் கட்டப்பட்டது. கம்பிவடத்தில் இருவர் இருவராக அமர்ந்து மலையேறும் கதிரைகள். நானும் என் கணவர் தபோதரனும் அகதிகளாக வந்தபோது எங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர் அதுதான். அவர் லிஃப்டில் வேலை செய்தார், நான் அதன் அடியில் சாப்பாட்டுக் கடை வைத்தேன். எங்கள் மகள் சஜிதா அங்கே பிறந்தாள், அங்கேயே லிஃப்ட் இயந்திரங்களில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்தாள். பிறகு பனி விழுவது குறைந்தது. சில குளிர்காலங்கள் பச்சைப் புல்லுக்கு மேல் கதிரைகள் சும்மா தொங்கின. கடைசியில் லிஃப்டை விற்றார்கள். வாங்கிய இவ்வூர் நிறுவனம், இயந்திரத்தைத் தெரிந்தவள் என்பதால் சஜிதாவையும் கேட்டு வாங்கி, இயக்கப் பிரதிப் பொறுப்பாளர் ஆக்கியது. தூண்களோடு சேர்த்து எங்களையும் கழற்றிக்கொண்டு வந்து இங்கே பூட்டிவிட்டார்கள் என்று என் கணவர் பகிடி விடுவார். இப்போது அவரும் பகிடி விடுவதில்லை.

2. பழைய லிஃப்டுகளை இடம் மாற்றுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தது இருந்தபடி என்பதே அந்த வழக்கம். கழற்றும்போது ஒவ்வொரு பாகத்திலும் மஞ்சள் வர்ணத்தில் இலக்கம் போடுவார்கள். புது இடத்தில் அதே வரிசையில் பூட்டுவார்கள். எதையும் மாற்றாவிட்டால் அனுமதியும் சுலபமாகக் கிடைக்கும். சில்லுக்கும் வடத்துக்கும் அது நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் காற்றின் வேகத்தை அளக்கும் காற்றுமானியையும் அப்படியே அடியிலிருந்து இரண்டாம் தூணில், முன்பு இருந்த இடத்திலேயே பூட்டிவிட்டார்கள்.

3. ரோட்டன்பாஹில் காற்று பள்ளத்தாக்கின் வாயால் நுழையும். அடிவாரத்தில் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போகும், முகட்டில் அமைதியாக இருக்கும். ஆகவே அங்கே காற்றுமானி அடியில் நின்றது சரி. இங்கே எல்லாம் தலைகீழ். இரண்டாம் தூண் நிற்பது ஒரு குன்றுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில். கடைத் துணிகளை நான் கீழே கொண்டுவந்து அதற்குப் பக்கத்தில்தான் காயப்போடுகிறேன். ஒரு துணிக்குக்கூடக் கவ்வி போட்டதில்லை. முகட்டில் மேற்குக் காற்று நேரே வந்து மோதுகிறது. இந்த லிஃப்டுக்கு வரைபடம் கீறிய காலத்தில் அங்கே ஊசியிலைக் காடு மறைப்பாக நின்றது. அதன்பின் பட்டை வண்டு காட்டைத் தின்றுவிட்டது. செத்த மரங்களை வெட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். அடிக்கட்டைகளுக்கு மேலே கதிரைகள் போகின்றன. அடிவாரத்தில் இருந்து லிஃப்டை இயக்குபவருக்கு மலை வளைவதால் முகடு தெரியாது. அவருக்குத் தெரிவது காற்றுமானியின் திரை மட்டும்.

4. நவம்பரில் பரீட்சார்த்த ஓட்டம் நடந்தது. ஆட்களுக்குப் பதிலாகக் கதிரைகளில் தண்ணீர்ப் பீப்பாக்களைக் கட்டி ஓட்டினார்கள். நான் மேலே கடையைக் கழுவிக்கொண்டிருந்தேன். திடீரென்று காற்று எழும்பியது. முகட்டில் இருந்த கதிரைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்தன. ஒன்று போய்த் தூணில் அடித்தது. அதிலிருந்த பீப்பா கழன்று கீழே விழுந்து வெடித்தது. அது விழுந்த இடத்தில்தான் சின்னப் பிள்ளைகள் சறுக்கப் பழகும் திடல் அமையப்போகிறது. நான் உடனே அடிவாரத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். இயக்குபவர் பொறுமையாக, காற்றே இல்லையே என்றார். மனிதர் பொய் சொல்லவில்லை, அவருடைய திரையில் காற்று இல்லைதான். வடம் தொடர்ந்து ஓடியது. சஜிதா நடந்தே மேலே ஓடி வந்தாள். தூணில் பட்ட காயத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “அம்மா, காத்துமானி பிழை சொல்லேல்லை. அது நிக்கிற இடந்தான் பிழை” என்றாள். அவள் முகம் அப்படி வெளிறி நான் கண்டதில்லை.

5. அவள் இதை நிர்வாக இயக்குநரிடம் முறைப்படி தெரிவித்தாள். காற்றுமானியை நகர்த்தினால் தங்கள் அலுவலகம் ஏற்ற வரைபடம் மாறும், புது அனுமதி வேண்டும், இந்தக் குளிர்காலம் கைவிட்டுப் போகும் என்று பதில் வந்தது. பீப்பாவைச் சரியாகக் கட்டாததே விபத்துக்குக் காரணம் என்றும் சொன்னார்கள். வளைந்த கதிரைக்குப் பதில் வேறொன்றைத் தொங்கவிட்டார்கள், தூணின் காயத்துக்கு வர்ணம் பூசினார்கள். அதோடு, திரையில் காற்று எல்லை தாண்டினால் ஒழிய யாரும் லிஃப்டை நிறுத்தக் கூடாது என்று கட்டளை. கண்ணால் கண்டது காணாதாம், திரையும் சொல்ல வேண்டுமாம்.

6. வேலையை விட்டுவிடு என்று மகளோடு மல்லுக்கட்டினேன். அவள் சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன்: “நான் விட்டிட்டுப் போனால் தெரியாத ஒருத்தரை அந்த இடத்தில நிப்பாட்டுவினம். அவர் திரையைப் பாப்பார், மேல பாக்கமாட்டார். அது உங்களுக்குச் சம்மதமோ?” இந்தப் பிடிவாதம் தகப்பன் வழியில் வந்தது. அதில் எனக்கு எவ்வளவு பெருமையோ அவ்வளவு கோபமும் உண்டு.

7. ரோட்டன்பாஹில் இன்னொரு வழக்கம் இருந்தது. குளிர்காலத்தின் முதற் கதிரையில் இயக்கப் பொறுப்பில் உள்ள ஒருவரும், சறுக்குக் கழகத்தின் ஆகக் குறைந்த வயதுப் பிள்ளையும் ஏறுவார்கள். அதையும் இருந்தபடியே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். சனிக்கிழமை முதற் கதிரையில் என் மகளும் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியும் ஏறப்போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் கழகத்துப் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக ஏறுவார்கள். பிள்ளைகள் மேலே வந்ததும் கொடுக்கச் சூடான சொக்கலேட் காய்ச்சி வைக்கும்படி எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

8. சனிக்கிழமைக்கு மேற்குக் காற்று என்று வானிலை சொல்கிறது. அது இப்போதே தொடங்கிவிட்டது. இரண்டு நாளாகக் கடைக் கதவைச் சாத்தத் தோளைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வடம் விடாமல் முனகுகிறது. வாடிக்கையாளர் இல்லாத கடையில் அந்தச் சத்தத்தோடு தனியே இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. இன்று மத்தியானம் வெறும் கதிரைகள் நவம்பரில் சரிந்த அதே பக்கமாகச் சரிந்து நின்றன. அடிவாரத்துக்கு இறங்கித் திரையைப் பார்த்தேன். அமைதி என்று பச்சை விளக்கு எரிந்தது.

9. என் மகளிடம் ஒரு யோசனை இருக்கிறது. கையில் வானொலிக் கருவியோடு ஏறுவாளாம். முகட்டில் காற்று மோசமாக இருந்தால் கட்டளையை மீறி, நிறுத்து என்று கீழே சொல்வாளாம். வேலை போனால் போகட்டும் என்கிறாள். ஐயா, தாங்கள் இந்தத் துறை அறிந்தவர். முகட்டுக்குப் போனபின் நிறுத்தினால் அந்த இடத்திலேயே, அந்தக் காற்றிலேயே அவர்கள் தொங்குவார்கள். அவளுக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டேதான் தாய்க்கு ஆறுதல் சொல்கிறாள். இந்த மனுவைப் பற்றி அறிந்தால், நிறுவனம் தன்னைத் தூக்கிவிட்டு வேறொருவரை நிறுத்தும் என்று சொல்லி இதைத் தடுத்திருப்பாள்.

ஆகையால் தங்களிடம் பணிவோடு கேட்பது இவ்வளவே. காற்றுமானி முகட்டுக்கு மாற்றப்பட்டு, தங்கள் அலுவலகம் அதைப் பார்வையிடும் வரை, லிஃப்டில் ஆட்களை ஏற்றத் தடை விதியுங்கள். அந்தத் தடையை நிறுவனத்துக்கு மட்டும் அனுப்பாமல், இயக்கப் பிரதிப் பொறுப்பாளர் சஜிதா தபோதரனின் பெயருக்கும் அனுப்புங்கள். தாய் சொல்லி அவள் நிற்கமாட்டாள், சட்டம் சொன்னால் நிற்பாள். நான் கற்பனையில் மிரள்கிறேன் என்று நினைத்தால், வந்து கடை வாசலில் சிறிது நேரம் நின்று பாருங்கள்.

இம்மனுவை என் கணவர் தங்கள் அலுவலகத்தில் நேரில் ஒப்படைப்பார். முன்கூட்டியே நேரம் குறித்து, டெர்மின் எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை இந்த லிஃப்ட் ஓடினால், ஞாயிற்றுக்கிழமை தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் இங்கே கட்டாயம் வருவார், விசாரணைக்கு. அவரை வெள்ளிக்கிழமையே அனுப்பி வையுங்கள்.

இடம்: கால்டன்ஸ்டைன்
திகதி: 09.12.2025

தங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
கமலாம்பிகை தபோதரன்