நீலச் செம்பருத்திக்கு ஊற்றிய ஆசிட்

ஏப்ரல் 28, ஞாயிறு

தரணி போன் பண்ணினாள். ஞாயிறுதோறும் என் மகளுக்கு ஒரே கேள்விதான்: "செடி எப்படிங்கப்பா இருக்குது?" நன்றாக இருக்கிறது என்றேன். வைத்துவிட்டாள்.

ராபினைக் கட்டிக்கொண்டு போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. என் சாயப்பட்டறையில் சூப்பர்வைசராக இருந்த நாசரேத்துக்காரன், கிறிஸ்தவன். 'இந்த ஊட்டுப் படி ஏறாதே' என்று கத்தியவன் நான்தான். வாசலில் அவள் வளர்த்த நீலச் செம்பருத்தி இங்கேயே நின்றுவிட்டது. பைபிளில் வரும் பேரைச் சொல்லி, சாரோன் ரோஜா என்பாள். அதை விட்டால் எங்களுக்குப் பேச வேறு பேச்சில்லை.

மே 3, வெள்ளி

இலை ஓரமெல்லாம் கருகுகிறது. போர் தண்ணீர் ஒரே உப்பு. அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று, முப்பது வருஷம் பட்டறை நடத்துகிறவன் கேட்கக் கூடாது. குழாயில் நல்ல தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருதரம்.

மே 7, செவ்வாய்

பட்டறையிலிருந்து பிஹெச் தாள் கொண்டுவந்து தண்ணீரில் நனைத்தேன். எட்டரை காட்டியது, காரம் அதிகம். துணிக்கு இப்படி ஏறினால் அசிட்டிக் ஆசிட் விட்டு இறக்குவோம். அதையே பக்கெட்டில் கலந்து வேரில் ஊற்றினேன். இரண்டு மூடி கூடவே விட்டேன்.

என் வீட்டுக்காரி சாரதாமணி பார்த்துவிட்டு, "ஏனுங்க, அதென்ன பனியனுங்களா?" என்றாள். இவளுக்கு என்ன தெரியும்? நான் எத்தனை டன் துணி பார்த்தவன்!

மே 12, ஞாயிறு

பாதி இலை கொட்டிவிட்டது.

"மொட்டு வச்சிருக்குதுங்களாப்பா?"

"வச்சிருக்குது கண்ணு. மூணு."

எதற்கு மூணு என்றேன்? எண்ணிக்கையா கேட்டாள்?

மே 14, செவ்வாய்

கேன் தண்ணீர் நாலு ஊற்றினேன். துணியில் ஆசிட் கூடினால் அலசிவிடலாம். வேரை எப்படி அலசுவது?

மே 19, ஞாயிறு

போட்டோ அனுப்பச் சொன்னாள். போன் கேமரா சரியில்லை என்றேன். நம்பினாளா, தெரியவில்லை.

"நீங்களே சொல்லீருங்க, என்னையக் கோத்து உடாதீங்க" என்கிறாள் சாரதாமணி. சொல்லிவிட்டால்? அடுத்த வாரம் எதைக் கேட்க அவள் கூப்பிடுவாள்?

அட கருமமே... ஒரு செடிய வச்சுக் காப்பாத்தத் துப்பில்ல எனக்கு. பெத்த புள்ளையவும் தொரத்தி உட்டாச்சு. என்னதான் தெரியும் எனக்கு?

மே 23, வியாழன்

நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்தேன். அடி வரைக்கும் பச்சை இல்லை.

மே 26, ஞாயிறு

சொல்லிவிட்டேன். "செத்துப்போச்சு கண்ணு. நான்தான் ஆசிட் ஊத்தித் தொலைச்சேன். மொட்டுன்னு சொன்னதும் பொய்."

அவள் போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. வாய் தானாக, "ராபினுக்கு வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்றது. அந்தப் பெயரை அவளிடம் இத்தனை நாளில் ஒருதரம்கூட நான் சொன்னதில்லை.

"போகுதுங்கப்பா" என்றாள். வைத்துவிட்டாள்.

கோபமா? அழுகையா? திரும்பக் கூப்பிட தைரியம் வரவில்லை.

மே 29, புதன்

பட்டறையில் இருந்தேன். தரணி கூப்பிட்டாள். பதறிப்போய், "என்ன கண்ணு, என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒன்னுமில்லீங்கப்பா. சும்மாதான் கூப்பிட்டேன்."