நாக்கில் தொட்ட விரல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம். நீயும் சுகம் என்று உன் வாயால் ஒரு வார்த்தை கேட்டால்தான் எங்கள் சுகமும் சுகம், அதுவரை இது சும்மா வழக்கத்துக்கு எழுதியது. ஞாயிற்றுக்கிழமை போனில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாய், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாய், வைத்தாய், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. பதினேழு தடவை அடித்துப் பார்த்துவிட்டேன். அப்பா போனைப் பிடுங்கி அலமாரி உச்சியில் வைத்தார், எனக்கு எட்டாது என்று நினைப்பு, நாற்காலி போட்டு எடுத்துவிட்டேன். இருப்புக் கொள்ளவில்லை கண்ணு. இந்தக் கடிதத்துக்கே மூன்றாவது தடவையாக வந்து உட்காருகிறேன், நடுவில் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் போனேன், அணைத்துத்தான் இருந்தது. அப்பா மட்டும் என்னவாம், முந்தாநாள் ஒரு நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தாமலே ஓட்டிக்கொண்டு போய்விட்டார், இறங்க வேண்டியவர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் நினைவு வந்ததாம்.

பட்டறையிலும் இதே லட்சணம்தான். நேற்று தரம் பிரிக்கும்போது வெள்ளை வைரக் குவியலில் மஞ்சள் சாயல் அடிக்கிற ஒரு கல்லைச் சேர்த்துவிட்டேன். பக்கத்து மேசை காந்தம்தான் பார்த்து எடுத்தாள். உனக்குத் தெரியாதவளா, கீழே விழுந்த கல் எந்த இடுக்கில் இருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும் என்றுதானே அந்தப் பெயரே. "உங்க உடம்பு மட்டுந்தான்க்கா இங்க இருக்கு, மனசெல்லாம் அந்த மேப்புல இருக்கு" என்றாள். முதலாளி நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிற உலகப் படத்தைச் சொல்கிறாள். கல் வருகிற இடத்திலெல்லாம் குண்டூசி குத்தி வைத்திருக்கிறாரே, அது. ஏரித் தண்ணீரைக் கரை கட்டித் தள்ளிவிட்டுத் தோண்டுகிற இடம், கப்பலிலிருந்து குழாய் விட்டுக் கடலடி மணலை உறிஞ்சுகிற இடம், ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சல்லடை ஆட்டுகிற இடம், அடியிலிருந்து லாரி ஏறி வர முக்கால் மணி நேரம் ஆகிற பள்ளம். நீ இருக்கிற பனிக்காட்டுக்குப் பச்சை ஊசி. நீ வேலைக்குப் போன நாளிலிருந்து அந்தப் பச்சை ஊசிக் கல் பொட்டலம் எது வந்தாலும் நான் பிரிப்பதில்லை, காந்தத்தின் பக்கம் தள்ளிவிடுவேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. மகள் வேலை பார்க்கிற சுரங்கத்துக் கல்லுக்கு அம்மா தரம் பார்ப்பது சரியில்லை என்று எனக்கே தோன்றியது.

நீ சொன்னதை அப்பாவுக்குப் புரியவைக்கவே ஒரு நாள் ஆனது. அங்கே தரையில் எதைப் பார்த்தாலும் குனியக் கூடாது, நின்ற இடத்தில் நின்று கையைத் தூக்கிக் காவலாளியைக் கூப்பிட வேண்டும், சொந்தப் பேனா விழுந்தாலும் அப்படித்தான் என்றேன். நம் மகள் இயந்திரத்தைப் பழுது பார்க்கப் போன இடத்தில் ஒரு பொடிக்கல் மின்னியிருக்கிறது, விரலை நாக்கில் தொட்டு, குனிந்து, ஈர நுனியில் ஒட்டி எடுத்து, அங்கேயே மேற்பார்வையாளர் கையில் கொடுத்துவிட்டாள் என்றேன். "அப்பறம் என்ன, குடுத்துட்டாள்ல?" என்றார். கொடுத்தது கேமராவில் இருக்கிறது, விரல் வாய்க்குப் போனதும் இருக்கிறது, ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை விழுங்கினாள் என்கிறார்கள் என்றேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாம், ஆனாலும் இது பழகின கை என்று அந்தப் பாதுகாப்பு அதிகாரி எழுதி வைத்திருக்கிறாராம். அவர் எழுதியதில் தப்பே இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பட்டறைக்கு வந்து என் மேசைக்குக் கீழே உட்கார்ந்து பாடம் எழுதின பிள்ளை நீ. கல் விழுந்துவிட்டால் யாரும் காலைத் தூக்கக் கூடாது, அத்தனை பேரும் சிலை மாதிரி நிற்க வேண்டும், கண்ணில் பட்டவர் விரலை நனைத்து ஒட்டி எடுத்துக் கையை உயர்த்த வேண்டும். ஏழு வயதில் காந்தத்தையே முந்திக்கொண்டு "கெடச்சாச்சு!" என்று கத்துவாய். எனக்கு அப்போது பெருமை பிடிபடாது. இப்போது அதே விரல்தான் உன்னை மாட்டிவிட்டிருக்கிறது.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஏன் விரல் வாய்க்குப் போனது என்று கேட்டதற்கு உதட்டில் தூசி என்று அவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. பட்டறையைப் பற்றிச் சொன்னால் வேலைக்குச் சேரும்போது எழுதிக் கொடுத்த தாளை எடுப்பார்கள், குடும்பத்தில் யாராவது வைரத் தொழிலில் இருக்கிறார்களா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு வீட்டு வேலை என்று போட்டிருக்கிறாய். செய்கிறேன்தான், யார் இல்லை என்றார்கள், உன் அப்பாவைக் கேட்டால் அதையும் அரைகுறையாகத்தான் செய்கிறாள் என்பார். ஆனாலும் வலித்தது. இந்த வேலைதானடி உன்னைப் படிக்க வைத்தது. இருக்கிறார் என்று எழுதினால் எடுக்க மாட்டார்கள் என்று பயந்திருப்பாய், புரிகிறது, புரிந்தும் வலிக்கிறது.

அப்பா என்ன சொல்கிறார் என்றால், "தூசின்னே கடைசி வரைக்கும் சொல்லட்டும், எப்படியாவது வேலை தப்பிச்சா போதும்" என்கிறார். நேற்று இதற்காக இரண்டு பேரும் சண்டை போட்டுச் சாப்பாடே ஆறிப்போனது. நான் யோசித்துப் பார்த்தேன். தாளில் பொய் எழுதினாள் என்று வேலையை விட்டு அனுப்பினால் கஷ்டம்தான், ஆனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். கல்லை விழுங்கினாள் என்று அனுப்பினால் அந்தப் படத்தில் எத்தனை ஊசி இருக்கிறதோ அத்தனை இடத்திலும் உனக்குக் கதவு மூடிவிடும். நீ எடுக்காத கல்லுக்கு ஆயுசு முழுக்கத் திருடி என்ற பெயரோடு நடப்பதை என்னால் பார்க்க முடியாது.

இருபத்தெட்டாம் தேதி விசாரணை என்றாய். நான்கு நாள் முன்பே கடிதம் சேர்ந்துவிடும் என்று தபால் அலுவலகத்துப் பெண் சொன்னாள். அங்கே வரும் தபாலை எல்லாம் பாதுகாப்பு அறையில் பிரித்து, மொழி தெரிந்த ஆளை வைத்துப் படித்துவிட்டுத்தான் உங்கள் கையில் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் உனக்கு முன்னால் அவர்கள் இதைப் படித்திருப்பார்கள். தெரிந்துதான் எழுதினேன். கோபம் வரும், வரட்டும், வந்து நேரில் திட்டு, வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்கிறேன். படிக்கிற ஐயா, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அவள் எழுதியது பொய், அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். எடுத்தது ஒரே கல், அது உங்களிடம் இருக்கிறது. சந்தேகம் என்றால் எங்கள் பட்டறைக்கு ஆள் அனுப்புங்கள், ஒரு பொடிக்கல்லைத் தரையில் போட்டு யாரை வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லுங்கள், முதலில் விரல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நகத்தைக் கடிக்காதே. வெறும் வயிற்றோடு விசாரணைக்குப் போகாதே. தூசி என்று இன்னொரு தடவை சொல்லாதே. நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல். ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர எங்களுக்கு வேறு நினைப்பு இல்லை. அப்பாவும் இதைப் படித்துவிட்டார், தபால்தலையை அவர்தான் ஒட்டினார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
இருபத்து மூன்று வருடமாக வைரப் பட்டறையில் கல் தரம் பிரிப்பவள்.