கவருக்குள் ஐந்து தோல் துண்டு

ஆம்பூர்,
8-11-1981

என் செல்ல மகள் பொன்மலருக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் இங்கே சுகம். பம்பாயில் நீயும் சுகம் என்று நீயே எழுதினாலும் இந்தத் தடவை நான் நம்பப் போவதில்லை, காரணம் பின்னால் வருகிறது. இன்லண்ட் லெட்டரை விட்டுவிட்டு கவரில் எழுதுகிறேன், உள்ளே ஐந்து தோல் துண்டு இருக்கிறது, கீழே விழாமல் எடுத்து வை. முதலில் சந்தோஷ சமாச்சாரம். நேற்றுக் காலை உன் அப்பா நீலம் ஆகிவிட்டேன். உடம்பு இல்லை, பயப்படாதே, ட்யூப். அதைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாகப் போய் அம்மாவிடம் காட்டினேன். அவள் இட்லித் தட்டோடு நின்றவள், "அத எடுத்துட்டு சமையல்கட்டுக்குள்ள வராதீங்கன்னு எத்தினி தடவ சொல்றது" என்றுதான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியதை நான் பார்த்துவிட்டேன். உனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆகஸ்டு மாசத்திலிருந்து சொல்கிறேன், முழுசாகப் படித்துவிட்டுச் சிரி.

வேலூரிலிருந்து ஒரு டாக்டரம்மா எங்கள் தோல் கம்பெனிக்கு வந்தார். சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவர்களுக்குக் கையில் புண், தூசியில் இருக்கிறவர்களுக்கு நெஞ்சில் இருமல், அதைப் பார்க்க வந்தவர். வந்ததோடு ஆபீஸ்காரர்களும் சிறுநீர் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார். எனக்கு அது கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. "நாங்க ஃபேன் அடியில உக்காந்து எழுதறவங்க மேடம், எங்களுக்கு இன்னா வரப்போவுது" என்று சொல்லிப் பார்த்தேன். "அதனாலதான் சார் கேக்கறேன்" என்று கையில் பாட்டிலைக் கொடுத்துவிட்டார். என் ஆபீஸ் உனக்குத் தெரியாததா. மணி அடித்தால் டீ வரும், மணி அடித்தால் நிறம் ஒத்துப் பார்க்க வேண்டிய தோல் துண்டும் மேஜைக்கே வரும். மெட்ராஸ் துறைமுகத்துக்குச் சரக்கு லாரி கிளம்பினால் அன்றைக்கு ஆபீஸுக்கு மட்டும் பிரியாணி, குழி ஆட்களுக்கு டீயும் பன்னும். இருபத்திரண்டு வருஷமாக எல்லாச் சரக்கும் வெளிநாட்டுக்குப் போய்விட்டது என்று முதலாளி நினைத்துக்கொண்டிருக்கிறார், பாதி என் இடுப்பில் இறங்கிவிட்டது அவருக்குத் தெரியாது. போதாததற்கு அக்கவுண்டண்ட் அப்துல் ஹமீத் பாய்க்கு மேல்விஷாரத்தில் வீடு, வாரம் முழுக்க இங்கே ரூமில் தங்குவார். திங்கட்கிழமை வரும்போது ஜீராவில் ஊறிய ஆற்காட்டு மக்கன்பேடா ஒரு டப்பா கொண்டுவருவார், மத்தியானத்துக்குள் அதைக் காலி செய்யும் பொறுப்பு என்னுடையது.

டாக்டரம்மாவோடு வந்த கம்பவுண்டர் ஒவ்வொரு ட்யூபிலும் ஒரு நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, பெயர் ஒட்டி வரிசையாக நிறுத்தினார். டாக்டரம்மா சாப்பிடப் போன நேரம் நான் போய் எட்டிப் பார்த்தேன். குழி ஆட்களுடைய ட்யூப் கிட்டத்தட்ட எல்லாமே நீலம். எங்கள் ஆபீஸ் வரிசையோ பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று கண்ணுக்கு அழகாக நின்றது. அதிலும் என் பெயர் ஒட்டியது நல்ல செங்கல் நிறம், ஜெர்மனிக்காரன் கேட்டுக் கேட்டு வாங்குகிற டேன் கலர். எங்கள் தொழிலில் நீலம் என்றால் க்ரோம் தண்ணீரிலிருந்து எடுத்த அரைவேலைத் தோல், வெட் ப்ளூ என்போம், விலையும் கம்மி. டேன் என்றால் எல்லா வேலையும் முடிந்த முதல் தரம். ஆகவே கம்பெனியிலேயே முதல் தரம் நான்தான் என்று முடிவு கட்டினேன். கட்டியதோடு விட்டேனா, ஆபீஸ் முழுக்கச் சொன்னேன். உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தாரே குழி மேஸ்திரி கோவிந்தசாமி, அவரைக் கூப்பிட்டு, "இன்னாப்பா, நீ இன்னும் வெட் ப்ளூவாவே இருக்கியே, ஒடம்ப பாத்துக்க" என்று வேறு சொல்லிவைத்தேன். பாவம், மனுஷன் நிஜமாகவே பயந்து, "மூணு பொண்ண வச்சினு இருக்கறேன் சார், எதுனா ஆயிடுமா" என்றார். தேற்றி, என் பங்கு மக்கன்பேடாவில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

டாக்டரம்மா திரும்பி வந்து, "இதுல தேவானந்தம் யாரு" என்று கேட்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி முன்னால் போய் நின்றேன். தாகம் ஜாஸ்தியா, ராத்திரியில் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், எத்தனை வருஷமாக உட்கார்ந்த வேலை என்று கேட்டார், எல்லாவற்றுக்கும் பெருமையாகப் பதில் சொன்னேன். தோல் அளக்கிற டேப்பை வாங்கி என் இடுப்பை அளந்தார், நாற்பத்தொன்று. அப்புறம்தான் சொன்னார், "சர்க்கரை இல்லன்னா மருந்து நீலமாவே நிக்கும் சார். இங்க இருக்கறதுலயே உங்களுக்குத்தான் ஜாஸ்தி." பின்னாலிருந்து ஹமீத் பாய், "முதல் தரம்யா தேவானந்தம்" என்றார். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். பாயின் சிரிப்பும் ரொம்ப நேரம் நிற்கவில்லை, அடுத்த பெயர் அவருடையது. ஆபீஸில் பதினோரு பேரில் ஏழு பேருக்கு நிறம் மாறியிருந்தது. கோவிந்தசாமி மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் நம் வாசலில் வந்து நின்று, "வாங்க சார், பாலாறு வரிக்கும் நடந்துட்டு வரலாம், உங்கள நீலமாக்காம வுடறதில்ல" என்றார்.

அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் நடக்கிறோம், ஹமீத் பாயும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே வருகிறார். ஆபீஸ் மணியை அவர் அலமாரியில் பூட்டிவிட்டார், நிறம் பார்க்க நானேதான் எழுந்து முற்றத்துக்குப் போகிறேன், ஒரு நாளைக்குப் பதினைந்து நடை. காலையில் மாத்திரை. சர்க்கரை இல்லாத டீ பழகிவிட்டது என்று சொன்னால் பொய். லாரி பிரியாணி இப்போது குழி ஆட்களுக்கும் சேர்த்துப் பங்கு. எங்கள் பங்கு குறைந்தால்தான் நாங்கள் பிழைப்போம் என்று நாங்களே முதலாளியிடம் போய்ச் சொன்னோம், அவருக்கு வந்த ஆச்சரியத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வீட்டிலேயே பார்த்துக்கொள்ள டாக்டரம்மா ட்யூபும் நீல மருந்தும் கொடுத்திருக்கிறார், காய்ச்சுவது கிணற்றடியில், அது அம்மா உத்தரவு. ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முனவ்வர் பேகம், "இன்னா கஷாயம் அண்ணே, எங்க வூட்டுக்காரருக்கும் ஒரு கிளாஸ் குடுங்களேன்" என்று கேட்க, அம்மா சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நடுவில் ஒரு கல்யாணப் பந்தியில் கை நீண்டுவிட்டது, மறுநாள் ட்யூப் பழையபடி டேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பிறகு மெள்ள மெள்ள ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று இறங்கி நேற்று நீலம். கோவிந்தசாமி ட்யூபை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அரைவேல முடிஞ்சிது சார், மீதி வேல இதக் காப்பாத்தறதுதான்" என்றார்.

மலர், சிரிப்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. போன வாரம் மாத்திரைக்குப் போனபோது டாக்டரம்மா, பிள்ளைகள் உண்டா, என்ன வேலை என்று கேட்டார். பம்பாயில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஸ்டெனோ, லிஃப்டில் ஏறி லிஃப்டில் இறங்குகிற உத்தியோகம் என்று வழக்கம் போல் பெருமையாகச் சொன்னேன். அவர், "அப்பாவுக்கு இருந்தா பிள்ளைங்களுக்கும் வரலாம், உக்காந்த வேலைன்னா சீக்கிரமே வரலாம், உடனே பாக்கச் சொல்லுங்க" என்றார். அப்போதுதான் உன் செப்டம்பர் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. எந்நேரமும் தாகமாக இருக்கிறது, மேஜையில் தனியாக ஒரு கூஜா தண்ணீர் வைத்திருக்கிறேன், சாயந்தரமானால் ஒரே அசதி என்று சும்மா எழுதியிருந்தாய், நானும் சும்மா படித்தேன். வீட்டுக்கு வந்து அதையே எடுத்து மறுபடி படித்து, தாகம் என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். எனக்கு வந்ததை வைத்து ஊரையே சிரிக்கவைக்கிறேன், உன் விஷயத்தில் எனக்கு அது முடியவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பதிலை ஆபீஸ் விலாசத்துக்கே போடு.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே, லீவு இல்லை, டைப் அடிக்கிற வேலை இருக்கிறது என்று சொல்லாமல், பக்கத்து டிஸ்பென்சரிக்குப் போய் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள். ட்யூபைப் பல்பு வெளிச்சத்தில் பார்க்காதே, நிறம் ஏமாற்றும், ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார். இந்தக் கவரில் இருக்கிற ஐந்து துண்டும் நிற மாதிரி ஒட்டிவைத்திருக்கிற என் ஷேடு புத்தகத்திலிருந்து வெட்டியது, நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, டேன். எது ஒத்துப்போகிறதோ அந்த ஒன்றை மட்டும் கவரில் போட்டு அனுப்பு, பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். அப்பாவைச் சமாதானப்படுத்த நீலத்தை எடுத்துப் போட்டுவிடலாம் என்று நினைக்காதே, துண்டுக்குப் பின்னால் டிஸ்பென்சரிக்காரர் கையெழுத்து இருக்க வேண்டும். டேன் வந்தாலும் மறைக்காமல் அனுப்பு. அங்கிருந்து நீலத்துக்கு வருகிற வழி எனக்கு இப்போது தெரியும், அன்றைக்கே ரயில் ஏறி வந்து உன்னோடு நடப்பேன், பம்பாய்த் தெருக் கூட்டத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். லிஃப்டை விட்டுவிட்டு படியில் ஏறு. கூஜாவைப் பற்றி உண்மையை எழுது.

உன் முன்னாள் முதல் தர அப்பா,
ச. தேவானந்தம்

மறந்துவிட்டேன். மற்ற நாலையும் விட நீலத் துண்டு கொஞ்சம் பெரிசாக இருக்கும். அளந்துதான் வெட்ட உட்கார்ந்தேன், கத்தரி தானாக அப்படிப் போய்விட்டது.