ரெக்கார்டு நோட்டில் இருபது பிரசவம்

ஜூலை 9, புதன்

காலையில் குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து வந்த கர்ப்பிணி, வலிக்கு நடுவே என் கையைப் பிடித்துக்கொண்டு, “எத்தனை பிரசவம் பாத்திருக்கீங்க சிஸ்டர்?” என்று கேட்டாள். இருபது என்றேன். ரெக்கார்டு நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்; நர்சிங் கல்லூரியிலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். உண்மையில் பத்து மாணவிகளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்ததுதான் என் படிப்பு. குழந்தையின் தலை தெரிந்ததும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் சீனியர் சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

“நீ அங்கிட்டு நில்லு, நான் பாத்துக்கிறேன்” என்று அவர் என்னை விலக்கினார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து போனுக்கு ஒரு படிவம் வந்தது. செய்முறைப் பயிற்சி எப்படி இருந்தது என்று கேட்டிருந்தார்கள். ‘மிகவும் திருப்தி’ என்று போட்டேன். என் ஒரிஜினல் சர்டிபிகேட் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.

நாளைக்கு சீனியர் சிஸ்டர் லீவு. பிரசவ அறையில் நான் மட்டும்தான்.